இணையவழிச் சட்டப் பட்டம்

இணையவழிச் சட்டப் பட்டம் என்பது கல்லூரி வகுப்பறைக்கு நேரில் செல்லாமல் அச்சிட்ட பாடநூல்கள், பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள், இணைய வகுப்புகள் ஆகியவற்றின் துணையுடன் படித்துப் பெறும் சட்டக் கல்விப் பட்டத்தைக் குறிக்கும். இணையம் பரவுவதற்கு முன் இதே முறை அஞ்சல்வழிக் கல்வி என்றும், பின்னர் தொலைநிலைக் கல்வி என்றும் அழைக்கப்பட்டது. இலங்கை, ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்கள் முதலிய இடங்களில் இவ்வாறு பெற்ற பட்டத்தைக் கொண்டு சட்டத் தொழிலுக்குள் நுழைய வழி உள்ளது. இந்தியாவில் அவ்வழி இல்லை. இங்கு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள விரும்புபவர், அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் முழுநேர மாணவராக வகுப்புக்கு வந்து படித்திருக்க வேண்டும்.

இந்த விதி எவ்வாறு உருவாயிற்று, அது யாரைப் பாதிக்கின்றது, அதற்குள் நின்றுகொண்டே ஒருவர் என்ன செய்ய இயலும் என்பவற்றைத் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது. 2017ஆம் ஆண்டு வரை சட்டக் கல்லூரி எதுவும் இல்லாதிருந்த மாவட்டம் என்பதால், 'வீட்டிலிருந்தே சட்டம் படிக்கலாம்' என்ற விளம்பரங்களுக்கு இங்கு ஈர்ப்பு இருப்பதில் வியப்பில்லை.

பட்டம் வேறு, பதிவு வேறு

இப்பொருள் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் எழுபவை. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையைத் தருவது பல்கலைக்கழகம் அன்று. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் அமைந்த மாநில வழக்கறிஞர் கழகம் ஆகும். தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் சேர்ந்தவர்களுக்கு இது சென்னையில் இயங்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் கழகம். மக்கள் இதனைப் 'பார் கவுன்சில்' என்றே வழங்குவர்.

அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதிவு செய்துகொள்பவர் 21 வயது நிரம்பியவராகவும், இந்திய வழக்கறிஞர் கழகம் ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்கின்றது. சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பு 7ஆம் பிரிவின்படி அதே இந்தியக் கழகத்திடம் உள்ளது. எனவே ஒரு பல்கலைக்கழகம் சட்டப்படி நிறுவப்பட்டதாக இருக்கலாம். அது வழங்கும் சான்றிதழ் போலியானதாக இல்லாமலும் இருக்கலாம். எனினும் அச்சான்றிதழைக் கொண்டு கறுப்பு அங்கி அணிய இயலாத நிலை ஏற்படக்கூடும். 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரத்தில் வரும் தொடர், எந்த அங்கீகாரம், எதற்கான அங்கீகாரம் என்பதைச் சொல்வதில்லை.

பதிவுடனும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2009-10 கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றவர்கள் அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். இதன் முதல் தேர்வு 2011 மார்ச்சில் நடைபெற்றது. இத்தேர்வை நடத்தும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பதிவுக் கட்டணத்தைப் பொறுத்தவரை, சட்டத்தில் குறிக்கப்பட்ட 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல்) வசூலிக்கக்கூடாது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் கூறியது. பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் பெறப்பட்டு வந்த நிலையில், ஏழைப் பட்டதாரிகளுக்கு இத்தீர்ப்பு பெரிதும் உதவியது.

வரலாறு

கல்லூரிக்குச் செல்லாமல் சட்டம் படித்துத் தொழில் செய்வது இந்தியாவுக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் வக்கீல், பிளீடர், முக்தியார் எனப் பல படிநிலைகளில் சட்டத் தொழில் செய்வோர் இருந்தனர். இவர்களில் சில வகையினர் தாமாகவே நூல்களைப் படித்து, அதற்கென நடத்தப்பட்ட தேர்வை எழுதித் தகுதி பெற்றனர். 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழில் புரிவோர் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் தி. முத்துசாமி ஐயர், வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே கணக்கு வேலைக்குச் சென்றவர். பிளீடர் தேர்வு எழுதி நீதித்துறைக்குள் வந்தார். பி.எல். பட்டத்தைப் பின்னாளில் நீதித்துறைப் பணியில் இருந்துகொண்டே பெற்றார். இன்றைய விதிகளின்படி அவர் அவ்வாறு படித்திருக்க இயலாது.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தோன்றியது. அதன்பின் நெடுங்காலம் தமிழகத்தில் சட்டம் படிப்பது என்றால் சென்னைக்குச் செல்வது என்றே பொருள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்த சி. இராசகோபாலாச்சாரி சென்னையில் சட்டம் பயின்று 1900ஆம் ஆண்டில் சேலத்தில் தொழில் தொடங்கினார். மதுரையில் 1974ஆம் ஆண்டிலும், கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் 1979ஆம் ஆண்டிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

1961ஆம் ஆண்டின் சட்டம் பழைய படிநிலைகளை நீக்கி 'வழக்கறிஞர்' என்ற ஒரே வகுப்பை ஏற்படுத்தியது. அதற்கு மறு ஆண்டே, 1962இல், தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அதைப் பின்பற்றிப் பல பல்கலைக்கழகங்கள் இம்முறையைக் கைக்கொண்டன. கலை, வணிகவியல் பாடங்களுடன் சில இடங்களில் சட்டமும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் வழங்கிய பி.ஜி.எல். எனப்படும் பொதுச் சட்டப் பட்டம் பலரும் அறிந்தது. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், வங்கிப் பணியாளர்கள் பலர் தம் பெயருக்குப் பின் இப்பட்டத்தை எழுதிக்கொண்டனர். இது சட்ட அறிவுக்கான பட்டம். வழக்கறிஞராகப் பதிவு செய்ய இது போதாது. வட இந்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவும் எல்.எல்.பி. பட்டத்தையே 'கல்விசார்', 'தொழில்சார்' என இரண்டாகப் பிரித்து, முதல் வகையைத் தனித்தேர்வர்களுக்கும் திறந்து வைத்திருந்தன. இந்தப் பிரிவினையே பின்னர் நீதிமன்றம் வரை சென்றது.

வகுப்புக்கு வருதல் என்னும் விதி

இந்திய வழக்கறிஞர் கழகம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டக் கல்வி விதிகள் இரண்டு வகைப் படிப்புகளை ஏற்கின்றன. ஒன்று, மேனிலைப் பள்ளிக் கல்விக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. மற்றொன்று, ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு. இரண்டுமே 'முறையான படிப்பு' ஆக இருக்க வேண்டும். முறையான படிப்பு என்பதற்கு அவ்விதிகள் தரும் விளக்கம் துல்லியமானது: நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து மணி நேர வகுப்பும் அரை மணி நேர இடைவேளையும், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாத பணித்திட்டமும் இருக்க வேண்டும். இந்த விளக்கத்துக்குள் அஞ்சல்வழிப் படிப்பு மட்டுமன்றி, வேலை முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் வந்து போகும் பழைய மாலைநேர வகுப்பும் அடங்காது.

12ஆம் விதி ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகையை வலியுறுத்தியது. தவிர்க்க இயலாத காரணம் இருப்பின் ஒரு பாடத்தில் 65 விழுக்காடு வரை தளர்த்தலாம். இவ்விதியின் கடுமையைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் குறைத்தது. வருகை குறைந்தது என்பதற்காக ஒரு சட்ட மாணவரைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக்கூடாது என்றும், வருகை விதிகளைக் கழகம் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. மாணவர் ஒருவரின் தற்கொலையை ஒட்டி எழுந்த வழக்கு அது. இதனைத் தொலைநிலைப் படிப்புக்குக் கிடைத்த அனுமதியாகக் கொள்வது தவறு. முறையான படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அத்தீர்ப்பு பொருந்தும்.

நேரில் வர வேண்டும் என்று கழகம் ஏன் இத்துணை வற்புறுத்துகின்றது? விரிவுரை கேட்பதற்காக மட்டும் என்றால் இணையமே போதும் என்று வாதிடலாம். ஆனால் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி செய்முறைப் பயிற்சியாகும். வழக்குரைகளும் ஆவணங்களும் எழுதுதல், தொழில் ஒழுக்கம், சமரச முறைகள், மாதிரி நீதிமன்றம் ஆகியவை கட்டாயப் பாடங்கள். மாதிரி நீதிமன்றப் பாடத்தில் மாணவர் கற்பனை வழக்குகளில் எழுந்து நின்று வாதிட வேண்டும். உரிமையியல் வழக்கு ஒன்றையும் குற்றவியல் வழக்கு ஒன்றையும் நீதிமன்றத்தில் அமர்ந்து கவனித்துக் குறிப்பேடு எழுத வேண்டும். கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் எவ்வாறு விவரம் கேட்கின்றார் என்பதை அவர் அலுவலகத்தில் இருந்து பார்க்க வேண்டும். இவற்றுடன் மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும். குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்பதை அச்சிட்ட பாடநூலிலிருந்து கற்றுக்கொள்வது கடினம் என்பதை மறுப்பதற்கில்லை.

அதே வேளையில், கல்லூரியில் சேர்ந்தும் இப்பயிற்சிகளைப் பெயரளவில் முடிப்பவர்கள் உண்டு என்பதையும், விதி வருகையை அளக்கின்றதேயன்றிக் கற்றலை அளப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 செப்டம்பரில் கழகம் வெளியிட்ட சுற்றறிக்கை விரல்ரேகை வழி வருகைப் பதிவையும், வகுப்பறைகளில் கண்காணிப்புக் கருவிகளையும் கோரியது. வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்கள் அதனைத் தெரிவித்து, வேலையளிப்பவரிடமிருந்து தடையின்மைச் சான்று தர வேண்டும் என்றும் அது கூறியது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

பல்தேவ் ராஜ் சர்மா என்பவர் எல்.எல்.பி. கல்விசார் படிப்பைத் தனித்தேர்வராக முடித்து, இறுதியாண்டான தொழில்சார் பகுதியை மட்டும் முறையான மாணவராகப் படித்தார். அவரைப் பதிவு செய்ய வழக்கறிஞர் கழகம் மறுத்தது. 1989ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கழகத்தின் முடிவை ஏற்றது. மூன்றாண்டுப் படிப்பு முழுவதும் முறையான வருகையுடன் இருக்க வேண்டும் என்றும், முறையான மாணவராகப் படிப்பதற்கும் தனித்தேர்வராகப் படிப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு என்றும் அது கருதியது.

இதனினும் சிந்தனையைத் தூண்டுவது அபர்ணா பாசு மல்லிக் வழக்கு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பழைய விதி ஒன்று, பெண்கள் கல்லூரியில் சேராமலேயே தேர்வெழுத அனுமதி தந்திருந்தது. வெளியே சென்று படிக்க இயலாத பெண்களுக்கான சலுகை அது. அதன்படி சட்டத் தேர்வில் வெற்றி பெற்ற அபர்ணா பாசு மல்லிக் பதிவுக்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டார். பல்கலைக்கழகம் தேர்வெழுத அனுமதித்ததும் பட்டம் தந்ததும் உண்மையாயினும், கழகத்தின் வருகை விதி நிறைவேறவில்லையாதலால் பதிவு செய்ய இயலாது என்று 1994ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் நல்லெண்ணத்துடன் திறந்த கதவு, அதற்கு அடுத்த கதவு மூடியிருந்ததால் பயனற்றுப் போயிற்று. தொலைநிலைச் சட்டக் கல்வி பற்றி இன்று கேட்கப்படும் ஏறத்தாழ எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த இரண்டு வழக்குகளிலும் உள்ளது எனலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் நிலைப்பாடு

முன்பு பல்கலைக்கழகம் பட்டம் தரலாம், கழகம் மட்டுமே மறுக்கும் என்றிருந்த நிலை அண்மைக் காலத்தில் மேலும் இறுகியுள்ளது. திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறை விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்விதிகளின் அடிப்படையில் இம்முறைகளில் நடத்தக்கூடாத படிப்புகளாகக் குழு அறிவித்துள்ளவற்றில் பொறியியல், மருத்துவம், செவிலியம், கட்டடக்கலை முதலியவற்றுடன் சட்டமும் ஒன்றாகும். ஆகவே இன்று இந்தியப் பல்கலைக்கழகம் எதுவும் எல்.எல்.பி. பட்டத்தை இணையவழியில் வழங்க இயலாது. அவ்வாறு வழங்குவதாக ஒரு நிறுவனம் சொன்னால் அதனை நம்புவதற்கில்லை.

2020ஆம் ஆண்டின் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாச் சட்டக் கல்லூரிகளும் வகுப்புகளை இணையத்தில் நடத்தின. இதனைக் காட்டி 'அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது' என்று கேட்போர் உள்ளனர். நியாயமான கேள்விதான். எனினும் அது முறையான படிப்புக்கு இடர்க்காலத்தில் செய்யப்பட்ட மாற்று ஏற்பாடு. அம்மாணவர்கள் முறையான மாணவர்களாகவே கணக்கிடப்பட்டனர்.

முதுகலைச் சட்டமான எல்.எல்.எம். பட்டத்தின் நிலை சற்றுக் குழப்பமானது. பதிவுக்கு அது தேவையில்லை என்பதால் பல நிறுவனங்கள் அதையோ அதனை ஒத்த பெயருடைய படிப்புகளையோ பணியில் உள்ளவர்களுக்கென இணையவழியில் நடத்தி வந்தன. தன் ஒப்புதலின்றி நடத்தப்படும் இத்தகைய படிப்புகள் ஏற்கப்படமாட்டா என்று 2025ஆம் ஆண்டில் இந்திய வழக்கறிஞர் கழகம் எச்சரித்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கு முதுகலைச் சட்டம் படிக்க எண்ணுவோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தின் நிலை

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15,06,843. அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவு விழுக்காடு சுமார் 68.5, தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே கடைசி இடம். மாவட்ட நீதிமன்றம் தருமபுரியில் உள்ளது. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் முதலிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் உள்ளன.

நாட்டின் நீதி வரலாற்றில் இம்மாவட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. அரூர் வட்டத்தைச் சேர்ந்த வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூரில் 1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய வன்முறை பற்றிய வழக்கு, தருமபுரி அமர்வு நீதிமன்றத்தில் 2011 செப்டம்பர் 29ஆம் நாள் முடிவுக்கு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத சாட்சிகள் பலர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி வந்து சொன்ன சாட்சியத்தின்மீது நின்ற வழக்கு அது. இத்தகைய மக்களுக்காக நிற்கும் வழக்கறிஞர்கள் இதே மண்ணிலிருந்து வருவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் நெடுங்காலம் அதற்கான கல்வி இம்மாவட்டத்தில் கிடைக்கவில்லை. அருகில் இருந்தது சுமார் 65 கி.மீ. தொலைவில் சேலத்தில் 1984இல் தொடங்கப்பட்ட மத்திய சட்டக் கல்லூரி என்னும் தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரி வேண்டுமெனில் கோயம்புத்தூர், திருச்சி அல்லது சென்னை, 2008இலிருந்து வேலூர். விடுதிச் செலவைத் தாங்கவியலாத குடும்பங்களுக்கும், பெண்களைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கும் இவை எட்டாத தொலைவே.

2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தருமபுரி, விழுப்புரம், இராமநாதபுரம் ஆகிய மூன்று இடங்களில் புதிய அரசு சட்டக் கல்லூரிகளைத் தொடங்கியது. 2019இல் சேலம், நாமக்கல், தேனி ஆகிய இடங்களில் மேலும் மூன்று வந்தன. தருமபுரி அரசு சட்டக் கல்லூரி, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. இங்கு சேர்வதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்தாண்டுப் படிப்புக்கு மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் தரவரிசைக்கு அடிப்படை. தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம் என்பது தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர்களுக்குப் பெரும் ஆறுதல்.

இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை, தொலைநிலைச் சட்டப் பட்டத்தைவிட இக்கல்லூரியே மெய்யான வழி என்பதில் ஐயமில்லை. அரூர், பென்னாகரம் பகுதிகளின் மலையோரச் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து செல்வது எளிதன்று என்றாலும், சென்னையில் அறை எடுத்துத் தங்குவதோடு ஒப்பிட அது சிறிய துன்பமே.

முதல் பட்டம் தொலைநிலையில் இருக்கலாமா?

தொலைநிலைக் கல்வி முற்றிலும் பயனற்றது என்று இதனால் பொருளாகாது. இங்குதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரத் தேவையான முதல் பட்டத்தைத் தொலைநிலையில் பெற்றிருக்கலாம் என்று 2008 விதிகளே கூறுகின்றன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்து, வேலை செய்துகொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ (நிறுவப்பட்டது 2002) இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பி.ஏ. பட்டம் பெற்ற ஒருவர், உரிய மதிப்பெண் இருந்தால் தருமபுரிக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அடிப்படைக் கல்வியின்றி நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் பெற்றவர் தகுதியற்றவர் என்று அதே விதியின் விளக்கம் சொல்கின்றது. ஒரு காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களையும் ஆயத்தப் படிப்பு ஒன்றின் மூலம் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் முறை திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்தது. முதல் பட்டமே இல்லாமல் முதுகலைப் பட்டம் பெற்றோரும் இருந்தனர். அத்தகைய முதுகலைப் பட்டம் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பள்ளியை இடையில் விட்டவர்கள், பட்டத்துக்கு முன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராகவேனும் எழுதி முடித்துவிடுவது நலம். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை மாறினால், பின்னர் செலவிடும் ஆண்டுகள் அனைத்தும் வீணாகக்கூடும்.

வயதைப் பொறுத்தவரை, மூன்றாண்டுப் படிப்புக்கு 30 என்று 2008 விதிகள் குறித்த உச்ச வரம்பு பல வழக்குகளுக்கு உள்ளாகி, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையைப் பெற்றது.

எல்லை தாண்டிய கல்லூரிகள்

தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது, ஆந்திர எல்லையும் நெடுந்தொலைவன்று. பிற மாநிலங்களிலுள்ள சில கல்லூரிகள் வகுப்புக்கு வராமலேயே வருகைப் பதிவு தருவதாகவும், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்பதாகவும் தமிழ்நாட்டில் நெடுநாளாகப் பேச்சு உண்டு. இவற்றை 'லெட்டர் பேடு கல்லூரிகள்' என்று குறிப்பிடுவது வழக்கமாயிற்று. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. கிருபாகரன் 2015ஆம் ஆண்டில் இந்நிலை பற்றிக் கடுமையான கவலை தெரிவித்தார். அதே ஆண்டில் வழக்கறிஞர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்கான விதிகளை இந்திய வழக்கறிஞர் கழகம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இப்பணியை மேற்பார்வையிட ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்தது. பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் சரிபார்ப்பில் சிக்கி, தொழிலையும் பெயரையும் ஒருசேர இழக்கும் இடர் இவ்வழியில் உண்டு. கட்டணம் செலுத்தும் முன், அந்தக் குறிப்பிட்ட கல்லூரிக்கு அந்தக் குறிப்பிட்ட ஆண்டுக்கான ஒப்புதல் உள்ளதா என்பதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

தொலைநிலையில் படிக்கக் கூடியவை

வழக்கறிஞராக வேண்டும் என்ற நோக்கமின்றிச் சட்டம் தெரிந்துகொள்ள விரும்புவோர் பலர். பத்திர எழுத்தர், கிராம நிர்வாக அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், ஆசிரியர் ஆகியோர் இவ்வகையினர். மேலும், முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக்கூடாது என்பது கழகத்தின் பொது விதி. ஆகவே பணியை விட எண்ணமில்லாதவருக்கு எல்.எல்.பி. பட்டம் இருந்தும் நீதிமன்றத்தில் பயன்படாது. இத்தகையோருக்குத் தொலைநிலைப் பட்டயங்களும் சான்றிதழ்களும் போதுமானவை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மனித உரிமை, நுகர்வோர் பாதுகாப்பு, அறிவுசார் சொத்துரிமை, இணையவெளிச் சட்டம், சட்ட உதவிப் பணி முதலிய பொருள்களில் இவ்வகைப் படிப்புகளை உருவாக்கியது. பெங்களூருவிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகத் தேசியச் சட்டப் பள்ளியும் தொலைநிலையில் பட்டயங்களையும் வணிகச் சட்ட முதுகலைப் படிப்பையும் நடத்தி வந்துள்ளது. முறையான சட்ட மாணவர் அதே காலத்தில் வேறொரு முறையான படிப்பில் சேரக்கூடாது என்று 2008 விதிகளின் 6ஆம் விதி தடுத்தாலும், பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் நடத்தும் படிப்புக்கு விலக்கு அளிக்கின்றது.

பட்டயம் எதுவும் இல்லாமலும் சட்ட அறிவைச் சமூகத்துக்குப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய சட்டத் தன்னார்வலர் திட்டத்தின் கீழ், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பொதுமக்களிலிருந்து சிலரைத் தேர்ந்து பயிற்சி தருகின்றது. இவர்கள் வாதாட இயலாது. ஆனால் மனு எழுதவும், இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டவும் இயலும்.

தாமாகப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மாற்றாக பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் ஆகியவை நடைமுறைக்கு வந்துவிட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய விரிவுரைகள் பலவற்றில் பழைய பிரிவு எண்களே இருக்கும். பழைய குற்றங்கள் பற்றிய வழக்குகளில் அவை இன்னும் தேவைப்படுவதால், சில காலத்துக்கு இரண்டு எண்களையும் அறிந்திருக்க வேண்டும்.

பிற நாடுகளில்

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல் தன் தேர்வுகளை வெளி மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. அதன் சட்டப் பட்டத்தைக் குடியேற்ற நாடுகள் பலவற்றிலிருந்தும் மக்கள் வீட்டிலிருந்தே படித்தனர். மலேசியாவில் இப்பட்டம் பெற்ற பலர் சி.எல்.பி. எனப்படும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வை எழுதி வழக்கறிஞராகியுள்ளனர். அவர்களுள் தமிழரும் உளர். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி முதலில் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்திலும் அஞ்சல்வழியாகச் சட்டம் பயின்று 1989இல் பட்டம் பெற்றார். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அஞ்சல்வழி, இணையவழிச் சட்டப் பள்ளிகளைப் பதிவு செய்துகொள்ள இடமளிக்கின்றது. 1998இல் தொடங்கிய கான்கார்டு சட்டப் பள்ளி முழுவதும் இணையத்திலேயே நடந்த முதல் சட்டப் பள்ளியாகும். அங்கு இத்தகைய மாணவர்கள் முதலாண்டு முடிவிலேயே ஒரு தனித் தேர்வை எழுத வேண்டும்; இறுதியில் மாநில வழக்கறிஞர் தேர்வும் உண்டு. நுழைவில் தளர்த்தி, தேர்வில் இறுக்கும் முறை இது. இந்தியாவோ இதற்கு நேர்மாறாக வகுப்பறை வாசலிலேயே இறுக்குகின்றது.

இலங்கையில் 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொலைக் கல்வி முறையில் சட்டமாணிப் பட்டம் வழங்குகின்றது. எனினும் சட்டத்தரணியாவதற்கு அதன்பின் கொழும்பிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளில் தேறிப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

இப்பட்டங்களைப் பெற்ற இந்தியக் குடிமக்கள் இந்தியாவில் பதிவு செய்ய விரும்பினால், அப்பட்டம் முறையான வருகையுடன் பெறப்பட்டதா என்பது மீண்டும் கேட்கப்படும். ஏற்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டம் உடையவர்களும் இந்திய வழக்கறிஞர் கழகம் நடத்தும் தகுதித் தேர்வில் வெற்றி பெற்ற பின்னரே பதிவுக்கு விண்ணப்பிக்க இயலும்.